ஆகச்சிறந்த திகில் படங்கள்: எந்தப் படம் உள்ளே, எந்தப் படம் வெளியே?

ஆகச்சிறந்த பத்துத் திகில் படங்கள் எவை என்று கேட்டவர் தன் வரிசையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். எக்ஸார்சிஸ்ட் முதலிடம். அதற்குக் கீழே சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ், கான்ஜுரிங், ஷைனிங், ஹாலோவீன், ஜாஸ், சைக்கோ, ஏலியன் என்று போகிறது. கூடவே ஒரு மனக்குறை: "விமர்சகர்கள் ஏன் பழைய கருப்பு வெள்ளைப் படங்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்? உட்கார்ந்து பார்த்தால் பயமே வருவதில்லையே!"

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், 'பயம் வந்தது' என்பதை அளவுகோலாக வைப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது வரும் பயத்தில் பாதி, படத்துக்கே சொந்தமில்லை. தியேட்டர் இருட்டு, சத்தத்தின் அளவு, பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள், நமக்கு அப்போது என்ன வயது என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. எனவே நான் வைத்திருக்கும் சோதனை வேறு. என்ன நடக்கப்போகிறது என்று முழுதாகத் தெரிந்த பிறகும் அந்தப் படம் வேலை செய்கிறதா? இந்தச் சோதனையில் புகழ்பெற்ற பல படங்கள் கரைந்துவிடுகின்றன. ஓரமாகக் கிடந்த சில படங்கள் எழுந்து நிற்கின்றன. முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, அதனால் படம் பார்க்காதவர்கள் அந்தந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.

திடுக்கிட வைப்பதே மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு பிறந்தநாளே உண்டு. 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய கேட் பீப்பிள் படத்தில், ஒரு பெண் இரவில் பூங்கா ஓரமாகத் தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்புச் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் வேகம் கூட்டுகிறாள். நாம் எதிர்பார்ப்பது பின்னாலிருந்து பாயும் ஒரு மிருகத்தை. ஆனால் பக்கவாட்டிலிருந்து சீறிக்கொண்டு திரைக்குள் நுழைவது ஒரு பேருந்து. அதன் பிரேக் சத்தம் அச்சு அசலாக ஒரு காட்டுப்பூனையின் சீற்றம். லூட்டனின் குழுவினர் அதற்குப் பிறகு இந்த மாதிரி உத்திகளையெல்லாம் 'பஸ்' என்றே குறிப்பிட ஆரம்பித்தார்கள். ஜம்ப் ஸ்கேர் எனப்படும் இன்றைய திடுக்கிடல்களுக்கெல்லாம் தாய்வீடு அதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காட்சியில் பயமுறுத்துவது பேருந்து இல்லை, செருப்புச் சத்தம் நின்றுபோன அந்தச் சில நொடிகள். பேருந்து வரும் என்று தெரிந்து பார்த்தாலும் அந்த மௌனம் அப்படியே உறுத்துகிறது. கான்ஜுரிங்கில் அலமாரிக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்து தட்டும் காட்சி அருமையாகக் கட்டப்பட்ட காட்சிதான், இயக்குநர் ஜேம்ஸ் வான் கைதேர்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டாம் தடவை பார்க்கும்போது அந்தக் கைதட்டல் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். வந்ததும் காட்சி முடிந்துவிடுகிறது. கடைசியில் பேயும் ஓட்டப்பட்டு, குடும்பம் வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது நம்மோடு எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. கான்ஜுரிங் என் பத்தில் கிடையாது.

சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸும் கிடையாது. இது தரம் பற்றிய தீர்ப்பில்லை. ஐந்து ஆஸ்கர்களும் தகுதிக்குக் கிடைத்தவையே. ஆனால் அந்தப் படத்தை இழுத்துச் செல்லும் கேள்வி 'கொலைகாரனைப் பிடிக்க முடியுமா?' என்பது. அது துப்பறியும் கதையின் கேள்வி. ஜாஸ் முதல் பாதியில் கலப்படமற்ற திகில். இயந்திரச் சுறா கடல்நீரில் மக்கர் செய்ததால் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமலே சமாளிக்க வேண்டியிருந்தது, அதுவே படத்தின் பெரிய பலமாயிற்று. ஆனால் மூன்று ஆண்கள் படகேறியதும் அது மகத்தான கடல் சாகசமாக மாறிவிடுகிறது. ஏலியன் அப்படி மாறுவதில்லை. விண்வெளிக் கப்பலில் நடந்தாலும் கடைசி நிமிடம் வரை அது பேய் வீட்டுக் கதைதான், அது உள்ளே.

இப்போது எக்ஸார்சிஸ்ட். 1973 டிசம்பரில் வெளியாகி, பத்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று, தழுவல் திரைக்கதைக்கும் ஒலிக்குமாக இரண்டு வாங்கிய படம். சிறந்த படத்துக்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் திகில் படமும் இதுவே. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது சுழலும் தலையையும் பச்சை வாந்தியையும். எனக்கு அவை இன்று பொருட்டாகவே இல்லை. அந்தப் படத்தின் ஆகப் பயங்கரமான காட்சி ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பிசாசு பிடிக்கும் சிறுமி ரீகனுக்கு மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுக்கக் கழுத்தில் ஊசி குத்துகிறார்கள். ரத்தம் பீய்ச்சுகிறது, இயந்திரம் இடியாக இடிக்கிறது, வெள்ளைக் கோட்டுக்காரர்கள் தங்கள் வேலையை அமைதியாகப் பார்க்கிறார்கள். ஆவணப்பட அனுபவம் உள்ள வில்லியம் ஃப்ரீட்கின் அதை உண்மையான மருத்துவமனையில், உண்மையான ஊழியர்களை வைத்தே எடுத்தார். பிசாசு இன்னும் முழுதாக வரவேயில்லை, அதற்குள் நமக்கு வயிறு கலங்கிவிடுகிறது. படத்தின் முதல் பாதி முழுக்க ஒரு தாய் டாக்டர் டாக்டராக அலைகிறாள். மாத்திரை, முதுகுத்தண்டில் ஊசி, ஸ்கேன், மனநல நிபுணர்கள். கடைசியில் பேயோட்டலை ஒரு வைத்தியமாக முதலில் சொல்வதே டாக்டர்கள்தான். அறிவியல் கைவிரித்த பிறகு வருகிற பிசாசு என்பதால்தான் நாம் அதை நம்புகிறோம். இன்னொரு பக்கம் பாதிரியார் காராஸ். தனியே விட்ட அம்மா தனியாகவே இறந்துபோனாள் என்ற குற்றவுணர்வில் வேகும் மகன். பிசாசு அவரைப் பார்த்துப் பேசுவது அந்த அம்மாவின் குரலில். இந்தப் படத்தைப் பத்துக்குள் நிறுத்துவது இவைதான். ஆனால் கடைசி அரைமணி நேரத்தில் நன்மை எது, தீமை எது, யார் ஜெயித்தார் என்பதெல்லாம் தெளிவாகிவிடுகிறது. பிசாசு இருந்தால் கடவுளும் இருக்கிறார் என்ற ஆறுதலோடு படம் நம்மை அனுப்பிவைக்கிறது. அந்த ஆறுதலால்தான் நான் அதற்கு நான்காம் இடம் கொடுக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். அறையில் மூச்சுப்புகை தெரிய வேண்டும் என்று அந்த செட்டையே குளிர்பதனப் பெட்டியாக்கினார்கள். நடிகர்களைத் திடுக்கிட வைக்க இயக்குநர் படப்பிடிப்பில் துப்பாக்கியால் சுட்டார். கயிறு கட்டி இழுத்ததில் தாயாக நடித்த எலன் பர்ஸ்டினுக்கு முதுகில் அடிபட்டது. அந்த வலியில் அவர் போட்ட கூச்சல் படத்தில் இருக்கிறது. இதையெல்லாம் மேதைமையின் அடையாளமாகக் கொண்டாடும் பேச்சு எனக்கு ஒப்புதலில்லை. கேமரா எதிரில் நிற்கும் ஆளை நிஜமாகவே வதைப்பது இயக்குநரின் திறமையில் சேராது.

சரி, முதலிடம். தயக்கமில்லாமல் 1961இல் வந்த தி இன்னொசென்ட்ஸ். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய குறுநாவலை வைத்து ஜாக் கிளேட்டன் இயக்கியது. திரைக்கதையில் ட்ரூமன் கபோட்டியின் கை உண்டு. ஒரு பெரிய பண்ணை மாளிகை, பெற்றோர் இல்லாத அண்ணன் தங்கை, அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியை. அந்த வேடத்தில் டெபோரா கெர். முன்பு அங்கே வேலை பார்த்து இறந்துபோன இருவர் அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். குழந்தைகளுக்கும் தெரிகிறது, மறைக்கிறார்கள் என்று அவள் நம்புகிறாள். உண்மையில் தெரிகிறதா? அவள் மனம்தான் உருவாக்குகிறதா?

'பயமே வரவில்லை' என்று சொல்கிறவர்களிடம் நான் ஏரிக்கரைக் காட்சியை மறுபடி பார்க்கச் சொல்வேன். நல்ல பகல். மழை தூறுகிறது. தூரத்தில் நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். அவ்வளவுதான். அவள் ஓடி வரவில்லை, கத்தவில்லை, முகம் கோரமாக மாறவில்லை. இசை எகிறி அவளைச் சுட்டிக்காட்டவும் இல்லை. அந்த இடத்தில் நிற்கக் கூடாத ஒருத்தி, இயல்பாக நின்றுகொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் நின்றுகொண்டே இருக்கிறாள். பேய் என்றால் பாயும் என்று பழகிப்போன நமக்கு, பாயாத பேயை என்ன செய்வதென்று தெரியவில்லை. திடுக்கிட்டால் அடுத்த நொடி மூச்சு விடலாம், இங்கே அந்த மூச்சு கிடைப்பதேயில்லை.

ஒளிப்பதிவு ஃப்ரெடி ஃபிரான்சிஸ். ஸ்டுடியோ சினிமாஸ்கோப்பில்தான் எடுக்க வேண்டும் என்றது. இவ்வளவு அந்தரங்கமான கதைக்கு அவ்வளவு அகலமான திரை எதற்கு என்று கிளேட்டன் கவலைப்பட்டார். ஃபிரான்சிஸ் கண்டுபிடித்த வழி, லென்ஸுக்கு முன்னால் வைக்கும் ஃபில்டர்களின் ஓரங்களில் வண்ணம் பூசி, திரையின் இரண்டு பக்கங்களையும் இருட்டாக்கிவிடுவது. நடுவில் மெழுகுவர்த்தியோடு டெபோரா கெர் நடக்கிறார், இடமும் வலமும் கரும்பள்ளம். நம் கண் தானாகவே ஓரங்களுக்குப் போய்ப் போய்த் தேடுகிறது. அங்கே பெரும்பாலும் எதுவும் இல்லை. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தேடலை நிறுத்த முடியவில்லை.

இந்தப் படத்தின் உச்சம் என்று நான் நினைப்பது ஒரு துளி கண்ணீரை. வகுப்பறை மேசையில் அந்தக் கறுப்புடைப் பெண் உட்கார்ந்து அழுகிறாள். ஆசிரியை அருகே போகும்போது ஆளில்லை. ஆனால் மேசையிலிருந்த பலகையில் ஈரம் இருக்கிறது. ஆசிரியை அதைத் தொட்டுப் பார்க்கிறாள். எல்லாமே அவள் கற்பனை என்று முடிவு செய்திருந்தவர்கள் இந்த ஈரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சரி, பேய் உண்மைதான் என்று முடிவு செய்தால், அந்தச் சிறுவனுக்குக் கடைசியில் நேர்ந்த கதிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தப்பிக்க வழியில்லாதபடி கட்டப்பட்ட படம். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகும் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

இதற்கு இரண்டு வருஷம் கழித்து ராபர்ட் வைஸ் எடுத்த தி ஹான்டிங்கை இதைவிட மேலே வைப்பவர்கள் நிறையப் பேர். வைஸ் முதன்முதலில் படம் இயக்கியதே நான் மேலே சொன்ன லூட்டனிடம்தான். எதையும் காட்டாமல் சத்தத்தாலேயே மிரட்டும் கலையை அங்கே கற்றார். படம் முழுக்க ஒரு பேயைக்கூட அவர் காட்டுவதில்லை. ஒரு மரக்கதவு மூச்சுவிடுவதுபோல் உப்பி உள்வாங்குகிறது. இன்னொரு காட்சியில் இருட்டில் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பயந்து கிடக்கும் நாயகி எலனார், விளக்கு வந்ததும் தோழி அறையின் மறுகோடியில் இருப்பதைப் பார்க்கிறாள். அப்படியென்றால் பிடித்திருந்த கை யாருடையது? அற்புதமான படம். ஆனால் எலனாரின் மன ஓட்டத்தைப் பின்னணிக் குரலில் அடிக்கடி சொல்லிவிடுகிறார்கள், நாமே உணர்ந்திருக்க வேண்டியதை வார்த்தையாகக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு குறைக்காகவே அது என் பத்தின் வாசலில் நின்றுவிட்டது.

இரண்டாம் இடத்துக்கு டெக்சாஸ் செயின்சா மாஸக்கர் என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் பலர், பெரும்பாலும் படத்தைப் பார்க்காதவர்கள். பெயரைக் கேட்டால் ரத்தக்களறி என்று தோன்றும். 1974இல் வந்த டோப் ஹூப்பரின் அந்தப் படத்தில் திரையில் தெரியும் ரத்தம் மிகக் குறைவு. குழந்தைகள் பெற்றோர் துணையோடு பார்க்கக்கூடிய பிஜி சான்றிதழ்கூடக் கிடைக்கும் என்று ஹூப்பர் நம்பினார்! கொக்கியில் ஒரு பெண்ணை மாட்டும் காட்சியில் கொக்கி உடம்பில் இறங்குவதை யாரும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் ஏராளம். பிரிட்டனில் தணிக்கைக் குழு 1999 வரை அதை முழுதாக அனுமதிக்கவில்லை. எதை வெட்டுவது? வெட்டுவதற்கு ஒரு குறிப்பிட்ட இடம் இல்லை, படத்தின் காற்றே அப்படி.

அதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சரடு இருக்கிறது. இளைஞர்கள் சிலர் பயணம் போகும் வேனில் ஏறும் கிறுக்குப் பையன், பக்கத்து ஊர்க் கசாப்புக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறான். முன்பெல்லாம் மாடுகளைச் சம்மட்டியால் அடித்துக் கொல்வார்கள், இப்போது காற்றுத் துப்பாக்கி வந்துவிட்டது, ஆட்களுக்கு வேலை போய்விட்டது என்கிறான். கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் ஓர் இளைஞன் அந்தக் கிறுக்குப் பையனின் குடும்பம் வாழும் வீட்டுக்குள் நுழைகிறான். வாசலில் முகமூடி அணிந்த உருவம் தோன்றுகிறது. சம்மட்டியால் தலையில் ஒரே அடி. விழுந்தவன் உடம்பு மாடு போலவே துடிக்கிறது. இழுத்து உள்ளே போட்டு இரும்புக் கதவை அடிக்கிறான். எல்லாம் சில நொடிகளில், நல்ல வெளிச்சத்தில், இசையில்லாமல். அந்தக் குடும்பம் தங்களுக்குத் தெரிந்த தொழிலைத்தான் செய்கிறது. நம்மை நடுங்க வைப்பது அந்தத் தொழில்நேர்த்தி. அந்த இரும்புக் கதவு மூடும் சத்தத்தை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் பழகவில்லை.

சைக்கோவைப் பற்றி எழுதாததே இல்லை என்பதால் ஒரே ஒரு காட்சி மட்டும். ஹிட்ச்காக் தன் தொலைக்காட்சித் தொடரின் குழுவை வைத்துச் சுமார் 8 லட்சம் டாலரில் எடுத்த படம். நாயகி கொல்லப்படும் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று நினைத்திருந்த அவரை மாற்றியது, வெறும் நரம்பு வாத்தியங்களை மட்டும் வைத்து பெர்னார்ட் ஹெர்மன் போட்ட இசை. ஆனால் என் கண்ணில் பெரிய காட்சி அதற்குப் பின்னால் வருகிறது. விடுதிக்காரன் நார்மன் பிணத்தைக் காரில் வைத்துச் சேற்றுக் குட்டையில் தள்ளுகிறான். கார் பாதி மூழ்கி நின்றுவிடுகிறது. அந்த நொடியில் நாம் எல்லோரும் 'ஐயோ, முழுதாக மூழ்கிவிடு' என்று நினைக்கிறோம். சற்றுமுன் கொல்லப்பட்ட பெண்ணுக்காகத் துடித்த நாம், தடயத்தை அழிப்பவன் பக்கம் சேர்ந்துவிட்டோம். எத்தனை தடவை பார்த்தாலும் சேர்ந்துவிடுகிறோம்.

மூன்றாம் இடம் ஜான் கார்பென்டரின் தி திங். 1982 ஜூன் 25இல் வெளியானபோது விமர்சகர்கள் இதைக் குதறினார்கள். அருவருப்பு, ஆபாசம் என்றெல்லாம் எழுதினார்கள். இரண்டே வாரம் முன்னால் வந்த ஈ.டி. படத்தின் செல்ல வேற்றுக்கிரகவாசியை ஊரே கொஞ்சிக்கொண்டிருந்த நேரம். இருபத்திரண்டு வயதில் ராப் பாட்டின் உருவாக்கிய உடல்கள், கணினி வரைகலை இல்லாத காலத்தில் ரப்பரும் ரசாயனமும் கொண்டு செய்தவை, இன்றும் நிகரில்லாதவை. ஆனால் படத்தின் உயிர் அதில் இல்லை. அண்டார்டிகா முகாமில் பன்னிரண்டு ஆண்கள். யாரோ ஒருவர், அல்லது பலர், மனிதர் இல்லை, மனித உருவெடுத்த வேற்றுக்கிரக ஜந்து. யார்?

முதல் காட்சியில் பனிவெளியில் ஒரு நாய் ஓடி வருகிறது. நார்வேக்காரர்கள் ஹெலிகாப்டரில் துரத்தி வந்து அதைச் சுடுகிறார்கள், ஏதோ கத்துகிறார்கள். அமெரிக்கர்களுக்குப் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. அது நாயே இல்லை, விலகிப் போங்கள் என்றுதான் அந்த மனிதர் கத்துகிறார். நார்வே மொழி தெரிந்தவருக்குப் படத்தின் ரகசியம் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். தெரிந்தாலும் ஒன்றும் குறைவதில்லை. பிறகு ஒரு தலை சிலந்திக்கால்களோடு நழுவிப் போகும்போது அதைப் பார்த்து வாய்விட்டு அதிர்பவர் முகாமில் ஒருவரான பால்மர். அடுத்து வரும் ரத்தப் பரிசோதனையில், சூடான கம்பி பட்டுத் துள்ளிக் குதிப்பது அவருடைய ரத்தம்தான். அப்படியென்றால் அந்த ஜந்து தன் இனத்தையே காட்டிக்கொடுத்ததா? தப்பிக்க நடித்ததா? அல்லது, இதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது, தான் மனிதனில்லை என்பது அதற்கே தெரியாதா? ஒவ்வொரு மறுபார்வையிலும் ஒரு புது ஆள்மீது சந்தேகம் வருகிறது. பரிசோதனை முடிந்து நல்லவர் யார் என்று தெரிந்த பிறகும் நிம்மதி வருவதில்லை. ஒருவரையொருவர் கட்டிப்போட்டு உட்கார வைத்த மனிதர்கள் மறுபடி நண்பர்களாக முடியுமா என்ன?

ஷைனிங் பற்றிய சண்டை ஓயாதது. ஜாக் நிக்கல்சன் முதல் காட்சியிலேயே பைத்தியம் போல் தெரிகிறார், நல்ல மனிதன் சிதைவதுதானே கதை என்று நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் கோபப்பட்டார். நாவலுக்கு அது சரி. இயக்குநர் குப்ரிக் எடுத்தது வேறு கதை. ஏற்கனவே குழந்தையின் தோள்மூட்டை விலக வைத்த ஒரு மனிதனோடு பனிக்காலம் முழுக்க ஆளில்லாத ஹோட்டலில் அடைபட்டுக் கிடக்கும் மனைவியின், மகனின் கதை. சிறுவன் டேனி மூன்றுசக்கர சைக்கிளில் ஹோட்டல் நடைகளில் சுற்றும் காட்சியில், மரத்தரையில் சக்கரம் தடதடக்கிறது, கம்பளத்தில் ஏறியதும் சத்தம் அடங்குகிறது, மறுபடி தடதடப்பு. வேறு எந்தத் தந்திரமும் இல்லை. ஒவ்வொரு முனையிலும் நாம் தோள்களை இறுக்கிக்கொள்கிறோம். அந்த ஆண்டின் மட்டமான நடிகைக்கான ராஸி பரிந்துரையில், மனைவியாக நடித்த ஷெல்லி டுவால் பெயரைச் சேர்த்தார்கள். 2022இல்தான் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடிபட்ட பெண் எப்படி நடுங்குவாள் என்பதை அவ்வளவு அப்பட்டமாகக் காட்டியதை அழுமூஞ்சி நடிப்பு என்று கேலி செய்த காலம் அது.

1968இல் பிட்ஸ்பர்க் பக்கம் சொற்பக் காசில் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த நைட் ஆஃப் த லிவிங் டெட்டையும், 2017இல் ஜோர்டன் பீல் 45 லட்சம் டாலரில் எடுத்த கெட் அவுட்டையும் அடுத்தடுத்து பாருங்கள். முன்னதில் பிணங்கள் முற்றுகையிட்ட வீட்டில், இரவு முழுக்கப் போராடி உயிரோடு மிஞ்சுவது பென் என்ற கறுப்பின மனிதன். காலையில் மீட்க வந்த துப்பாக்கிக் கூட்டம் அவனையும் நடைபிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. இன்னொரு கசப்பும் உண்டு. நிலவறையில் ஒளிவதே நல்லது என்று படம் முழுக்கக் கத்திய சிடுமூஞ்சி ஆள் சொன்னதுதான் சரி. பென் கடைசியில் பிழைத்ததும் அங்கேதான். வீரமும் நியாயமும் ஒருபக்கம், உயிர் பிழைப்பது இன்னொரு பக்கம். பெயர் மாற்றும்போது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால் இந்தப் படம் யாருக்கும் சொந்தமில்லாமல் போனது. எடுத்தவர்களுக்கு நஷ்டம், ஆனால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்பதால் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கெட் அவுட்டின் முடிவில், கொலைகார வெள்ளைக் குடும்பத்திடமிருந்து தப்பிய கறுப்பின இளைஞன்மீது சிவப்பு நீல விளக்கு விழுகிறது. தியேட்டரில் எல்லோருக்கும் நெஞ்சு அடைக்கிறது. போலீஸ் வந்தால் கதை முடிந்தது என்று நமக்குத் தெரியும். காரில் வந்தது நண்பன். பீல் முதலில் படமாக்கிய முடிவில் வந்தது நிஜப் போலீஸ், அவன் சிறைக்குப் போகிறான். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நான் ரொமேரோவை வைப்பேன், ஏனென்றால் அவர் நண்பனை அனுப்பவில்லை.

கேட்டவரின் பட்டியலில் ஜப்பான் என்ற நாடே இல்லை. ஹிடியோ நகாடாவின் ரிங்கு 1998இல் வந்தது. டிவியிலிருந்து தவழ்ந்து வரும் சடாகோவை எல்லோருக்கும் தெரியும். நடிகை பின்னோக்கி நடக்க, அதைத் திருப்பி ஓட்டியதால்தான் அந்த நடையில் மனிதத்தன்மை இல்லை. ஆனால் அந்தக் காட்சி இன்று அளவுக்குமீறிப் பழகிவிட்டது. பழகாதது கடைசிக் காட்சி. சாபத்திலிருந்து மகனைக் காப்பாற்ற ஒரே வழி, பார்த்தவரைக் கொல்லும் அந்த வீடியோவை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டுவது. தாய் தன் அப்பாவுக்கு போன் செய்து, பேரனுக்காக ஓர் உதவி வேண்டும் என்கிறாள். கார் கிளம்புகிறது.

அதைவிட ஒரு படி மேலே நான் வைப்பது கியோஷி குரோசாவா 2001இல் எடுத்த பல்ஸ் படத்தை. (அகிரா குரோசாவாவுக்கு இவர் உறவில்லை.) மறுவுலகில் இடம் நிரம்பிவிட்டது, ஆவிகள் இணையத்தின் வழியாகக் கசிகின்றன. அவை யாரையும் கொல்வதில்லை. சந்தித்தவர்களுக்கு வாழும் விருப்பம் போய்விடுகிறது, சுவரில் கரிக்கறையாக மிஞ்சுகிறார்கள். ஓர் அறையில் ஒரு பெண்ணுருவம் மிக மெதுவாக நடந்து வருகிறது. நடுவில் கால் இடறித் தள்ளாடுகிறது, சமாளித்துக்கொண்டு மறுபடி வருகிறது. ஆவி ஏன் இடற வேண்டும்? அந்த ஒரு தடுமாற்றத்தில் என் பகுத்தறிவு முழுதும் கழன்றுவிடுகிறது. சமூக வலைத்தளங்கள் பரவலாவதற்கு முன்பே, எல்லோரும் இணைந்திருந்தும் தனித்திருக்கும் நிலையை இந்தப் படம் கண்டுகொண்டது.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முதலில் மணிச்சித்திரத்தாழ், 1993, ஃபாசில். மலையாளப் படம், ஆனால் நாயகி கங்கா தன்னை யாராக நினைத்துக்கொள்கிறாளோ அந்த நாட்டியக்காரி நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, பேசுவது தமிழ். அதுவரை அமைதியாக இருந்த கங்கா, வெளியே போகக் கணவன் மறுத்ததும் குரல் மாறி, கட்டிலைத் தூக்கும் காட்சி இந்தியத் திரையின் மிகப் பெரிய திகில் காட்சிகளில் ஒன்று. கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சந்திரமுகி வழியாக அந்தக் காட்சி தமிழில் எல்லோருக்கும் தெரியும். அங்கே அவள் பேசுவது தெலுங்கு. வீட்டுக்குள் இருப்பவள் வாயிலிருந்து வீட்டில் யாரும் பேசாத மொழி வருவது இரண்டிலும் வேலை செய்கிறது. ஆனால் படத்தின் பெரும்பகுதி நகைச்சுவை, முடிவில் எல்லாவற்றுக்கும் மருத்துவ விளக்கம். மகத்தான படம், திகில் படமாக அல்ல. விக்ரம் குமாரின் யாவரும் நலம் (2009) முதல் பாதியில் உலகத் தரம். மதியம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கும் சீரியலில் நடப்பது அந்த வீட்டிலேயே நடக்கிறது. பால் தினமும் திரிகிறது, லிஃப்ட் கதாநாயகனுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. நம் கூடத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்தே பயத்தை எடுத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு புலன் விசாரணையாக மாறி எல்லாவற்றையும் விளக்கிவிட்டது பெரிய வருத்தம்.

பத்தாவது இடத்துக்கு என் தேர்வு தும்பாட் (2018). ராகி அனில் பர்வே பல ஆண்டுகள் போராடி எடுத்த படம். மகாராஷ்டிரத்தில் ஓயாத மழை, சங்கிலியால் கட்டிய கிழவி, பூமியின் கருப்பைக்குள் பசியோடு காத்திருக்கும் ஹஸ்தர் என்ற சபிக்கப்பட்ட தெய்வம். மாவுப் பொம்மையைத் தின்னக் கொடுத்துவிட்டு அவன் மடியிலிருந்து தங்கக் காசு திருடுகிறான் விநாயக். ஆபத்து என்ன, விதி என்ன, தப்பிக்கும் வழி என்ன எல்லாம் நமக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. ஒளித்து வைத்த ரகசியம் எதுவுமில்லை. இருந்தும், அப்பா தன் சிறு மகனைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கிணற்றில் இறங்கப் பழக்கும்போது, நாம் பயப்படுவது ஹஸ்தரைப் பார்த்து இல்லை, அந்தப் பையன் அப்பாவைவிட வேகமாகக் கற்றுக்கொள்வதைப் பார்த்து. இதற்கு இடம் விட்டு வெளியே போவது ஹாலோவீன். வெள்ளை முகமூடியும் கார்பென்டரே போட்ட இசையும் எனக்கும் பிடித்தவை, பின்னால் வந்த நூறு படங்களுக்கு அது பாதை போட்டது என்பதும் உண்மை. ஆனால் பாதை போட்டதற்கான மரியாதை வேறு, பத்தில் ஓர் இடம் வேறு. கார்பென்டருக்கு இந்தப் பத்தில் ஏற்கனவே ஓர் இடம் இருக்கிறது, அவருடைய மேலான படத்துக்கு.